முள்ளம்பன்றி வீட்டுக் கம்ப்யூட்டர்

ஒரு காட்டில், பாறைச் சரிவில் இருந்த வளையில், வேலப்பன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி மங்கையோடும் மூன்று குட்டிகளோடும் வாழ்ந்துவந்தது. அந்த வளையில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. கரண்ட் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கதையில் எல்லாம் வரும்.

மழைக்காலத்துக்காக வள்ளிக்கிழங்கை எங்கெங்கே புதைத்திருக்கிறோம் என்பதை வேலப்பன் அதில்தான் எழுதிவைத்திருந்தது. அந்தப் பட்டியல் வேறு யார் கைக்காவது போனால், மழை முடிகிறவரை குட்டிகளுக்குப் பட்டினிதான்.

ஒருநாள் வாசலில் ஒரு பெருச்சாளி வந்து நின்றது. "அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கா?"

"இருக்கே. ஃபயர்வால்னு ஒண்ணு. கண்டவன் வெளியிலேருந்து உள்ளே நுழையப் பார்த்தா தடுத்துடும். கம்ப்யூட்டர் வரும்போதே அதுக்குள்ளேயே இருந்துச்சு."

பெருச்சாளி உச்சுக் கொட்டியது. "கூடவே வந்ததா? சும்மா வந்ததுக்கு என்னண்ணே பலம் இருக்கும்? அதை அணைச்சிடுங்க. நான் நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்."

வேலப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு நியாயமாகத்தான் படும். "உள்ளே வாங்க தம்பி" என்றது.

"இத்தனை நாளா அது நல்லாத்தானே இருக்கு?" என்றது மங்கை.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

பெருச்சாளி கம்ப்யூட்டர் அருகே நெருங்கியது. உடனே வேலப்பனின் முட்கள் சடசடவென்று எழுந்து நின்றன.

"அண்ணே, முள்ளைக் கொஞ்சம் மடக்குங்க. உட்கார இடமில்லை."

"மடக்கத்தான் பார்க்கிறேன். புது ஆள் கிட்ட வந்தா அது தானா எழுந்துக்குது தம்பி."

மங்கை மெதுவாகக் கேட்டது: "அந்த முள்ளை எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையிலயா? பிறக்கும்போதே கூட வந்ததுடி."

"சும்மா வந்ததுதானே? அதையும் பிடுங்கிப் போட்டுட்டு, தம்பிகிட்டயே வேற வாங்கிக்குங்களேன்."

பெருச்சாளி சும்மா இருந்திருக்கலாம். ஆசை விடவில்லை. "நம்மகிட்ட ரப்பர் முள் இருக்குண்ணே. குத்தவே குத்தாது."

குத்தாத முள்ளா? வேலப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று திரும்பி, பெருச்சாளிக்கு முதுகைக் காட்டியது. முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் அடுத்தது என்ன நடக்கும் என்று பெருச்சாளிக்குத் தெரியும். அது ஓடிய ஓட்டத்தில் வாசல் மண் சரிந்தது.

அன்று மாலை கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி தெரிந்தது: "பெருச்சாளி வளையிலிருந்து யாரோ உள்ளே நுழையப் பார்த்தார்கள். விடவில்லை."

வேலப்பன் அதை இரண்டு முறை படித்துவிட்டு மங்கையைப் பார்த்தது. மங்கை சிரித்துக்கொண்டது.

மழை வந்தது. குட்டிகள் மூன்றும் வயிறு முட்டக் கிழங்கு தின்றுவிட்டுச் சுகமாகத் தூங்கின.

நீதி: சும்மா வந்தது என்பதற்காக நல்ல காவலை அணைக்காதே, அணைக்கச் சொல்கிறவன் யார் என்று பார்.