மானுக்கும் ஆமைக்கும் நடுவே

காயலின் வடகரையில் ஓர் அரசு, தென்கரையில் ஓர் அரசு. வடகரைக் காசில் மான் பொறித்திருக்கும், தென்கரைக் காசில் ஆமை. இரண்டும் வெள்ளி. கையில் வைத்துப் பார்த்தால் கனமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று அவை நிலையாக மாறியதே இல்லை.

தென்கரையில் காசு மாற்றிக் கொடுப்பவர் தானப்பர். தலை நரைத்த பிறகு கண்ணுடையாள் என்ற துறவியிடம் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளைத் தாயே என்பார், அவள் அவரைத் தானப்பரே என்பாள்.

இரண்டு அரசர்களும் சமாதானம் செய்துகொண்ட வருஷம் தானப்பரைத் தேடி ஆள் வந்தது. மானுக்கும் ஆமைக்கும் இனி என்றைக்கும் மாறாத விலை ஒன்றை அவர் சொல்ல வேண்டும், இரு கரையும் அதற்குக் கட்டுப்படும் என்றார்கள். மானை உயர்த்திச் சொன்னால் தென்கரையில் உலை கொதிக்காது. தாழ்த்திச் சொன்னால் வடகரையில். தானப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

விலை சொல்ல வடகரைச் சபைக்குக் கிளம்பிய காலையில் கண்ணுடையாளும் கூட வந்தாள். துறையில் நின்று அவர் கேட்டார்.

"தாயே, என் பாட்டன் காலத்தில் மூன்று ஆமைக்கு ஒரு மான். வடகரை ராஜா சண்டைக்குப் போனார், வெள்ளியில் செம்பைக் கலந்தார். மான் இறங்கிவிட்டது. அப்புறம் எங்கள் பக்கம் மழை இல்லை. அரிசி வடகரையில்தான் கிடைத்தது. மான் ஏறிவிட்டது. மிளகுக் கப்பல்கள் எங்கள் துறைக்கு வந்தன, ஆமை ஏறியது. எல்லா விலையும் எனக்கு மனப்பாடம். இதில் எது சரியான விலை?"

"படகு வந்துவிட்டது, ஏறுங்கள்" என்றாள் அவள்.

படகில் உப்பு வியாபாரி பொன்னையன் இருந்தார். இடும்பன் என்ற இளைஞனும் நிறைமாதமாக இருந்த அவன் மனைவி செம்பியும் இருந்தார்கள். வடகரையில் பெயர்பெற்ற மருத்துவச்சி ஒருத்தி உண்டு. அவளிடம்தான் போகிறார்கள்.

கரை மறைந்தது. பனி இறங்கி, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாமல் போனது. துடுப்புச் சத்தம்கூட யாரோ தூக்கத்தில் திரும்பிப் படுப்பது போலக் கேட்டது.

"ஐயா, மருத்துவச்சி மான் காசுதான் வாங்குவாளாம். எங்கிட்ட ஆமைதான் இருக்கு" என்றான் இடும்பன்.

பொன்னையன் மடியைத் தொட்டுப் பார்த்தார். "எங்கிட்ட மான் இருக்கு. விலை என்ன, தானப்பரே?"

"இன்றைக்கு இரண்டு ஆமைக்கு ஒரு மான்."

இடும்பன் முடிச்சை அவிழ்த்தான். அப்போது வடக்கே முரசு அதிர்ந்தது.

படகோட்டி துடுப்பை நிறுத்தினான். "போர்முரசு மாதிரி இருக்கே."

பொன்னையனின் முகம் வெளுத்தது. "தம்பி, ஒன்றுக்கு ஒன்றே தருகிறேன். என் மான் எல்லாத்தையும் வாங்கிக்கோ."

இடும்பன் முடிச்சை இறுக்கிக்கொண்டான். "சண்டைன்னா நாளைக்கு மானை யார் வாங்குவா?"

பனிக்குள்ளிருந்து முரசோடு நாகசுரமும் சேர்ந்து வந்தது.

"அட, கல்யாணம்" என்றான் படகோட்டி.

பொன்னையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இனி மூணு ஆமைக்கு ஒரு மான். இஷ்டம்னா வாங்கு."

இடும்பன் தன் முடிச்சைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவ்வளவு காசு அவனிடம் இல்லை.

நாகசுரம் இப்போது பின்னால் கேட்டது. பிறகு பக்கத்தில். பிறகு எங்கும் கேட்கவில்லை. படகோட்டி மெல்லச் சொன்னான்: "திசை தப்பிப்போச்சுங்க."

"இப்போது விலை என்ன, தானப்பரே?" என்றாள் கண்ணுடையாள்.

"எந்தக் கரையில் இறங்குவோம் என்றே தெரியவில்லை. எப்படிச் சொல்வது, தாயே?"

அப்போது செம்பி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு முனகினாள்.

கண்ணுடையாள் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "துணி வேண்டும்" என்றாள். பொன்னையன் இடுப்புத் துண்டை உருவினார். அதில் முடிந்திருந்த காசெல்லாம் படகின் அடியில் தேங்கிய நீரில் கொட்டியது. இடும்பன் செம்பியைத் தாங்கப் பாய்ந்தபோது அவன் முடிச்சும் விழுந்தது. மானும் ஆமையும் கலந்து கிடந்தன. யாரும் குனியவில்லை. தானப்பர் தம் மேல்துண்டை விரித்து மறைப்பாகப் பிடித்தார். படகு தன்பாட்டுக்கு மிதந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ. பனிக்குள் ஒரு குழந்தை அழுதது.

வெயில் கசிந்தபோது வடகரை அருகிலேயே இருந்தது. செம்பி கண்ணை மூடிச் சிரித்தாள். பொன்னையன் அடியிலிருந்த காசை ஒரு பிடி அள்ளி இடும்பன் கையில் வைத்தார். எண்ணவில்லை.

"காசு ஏதாவது மாறிப்போயிற்றா, தானப்பரே?" கண்ணுடையாள் காயலில் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இல்லை, தாயே. அதே மான், அதே ஆமை."

"பின்னே எது மாறியது?"

"பொன்னையனின் முகம்" என்றார் அவர். மேல்துண்டை மடித்துக்கொண்டே, "இடும்பன் முகமும். என்னுடையதும்" என்றார்.

துறையில் சபையார் கூடியிருந்தார்கள். விலையைப் பொறிக்க நட்டு வைத்த கல்லின் முன்னால் கல்தச்சன் உளியோடு உட்கார்ந்திருந்தான்.

தானப்பர் கல்லைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் மானை வெட்டு. அந்தப் பக்கம் ஆமையை வெட்டு. நடுவே வழவழப்பாக விட்டுவிடு."

"விலையை எங்கே வெட்டட்டும், ஐயா?"

தானப்பர் குருவைப் பார்த்தார்.

"அது இன்னும் படகில்தான் இருக்கிறது, அப்பா" என்றாள் கண்ணுடையாள் கல்தச்சனிடம்.