பன்னிரண்டாவது நாற்காலி

"முதலாவது, அறுபத்தெட்டாம் வருசம். தேர் எங்கள் தெருவுக்குள் வராது என்றார்கள்.

இரண்டாவது, எழுபத்து நான்கு. கோயிலில் இடதுபக்கத் தாழ்வாரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

மூன்றாவது, எண்பத்தொன்று. சவம் தூக்கும் தூம்பாவைத் தரமாட்டோம், உங்களுக்கென்று ஒன்று செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

நான்காவது, என்றைக்குமே. பெரிய வியாழனன்று பங்குச்சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் கீழத்தெருக்காரன் ஒருவன்கூட உட்கார்ந்ததில்லை."

கீழத்தெருச் சங்கத்துச் சந்தியாகு, வாசித்து முடித்த காகிதத்தை மடித்தார்.

சிஸ்டர் கித்தேரி நிமிரவில்லை. மூடப்போகும் தொழுநோய் இல்லத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். அதில் ஒரு கிழவரின் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் ஒரு நாற்காலி குடுத்துட்டாங்க சிஸ்டர். ஐம்பது வருசப் போராட்டம். யார் உட்காரணும்னு நான்தான் சொல்லணும். வர்ற ஞாயிறு பூசையில, எல்லார் முன்னாலயும்."

"சொல்லுங்க."

"யாரைச் சொல்ல? ஞானத்தைக் குடு ஆண்டவரேன்னு மூணு நாளா முழங்கால்ல நிக்கிறேன். பதிலே இல்ல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"உங்க மனசுல யாரு?"

சந்தியாகு தன் கால்களைப் பார்த்தார். பித்தவெடிப்பெல்லாம் போகத் தேய்த்திருந்தார்.

கிழவர் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா, மாப்பிள்ளைக் காலு!"

"தண்ணி கலங்கிருச்சு," என்றார் சிஸ்டர். "மாத்திக் கொண்டாங்கண்ணே."

சந்தியாகு ஒரு கணம் நின்றார். பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டி, நிரப்பி வந்தார்.

"மூணாவதுக்கு, அந்தத் தூம்பாவுக்கு, என்ன செஞ்சீங்க?"

"கேஸ் போட்டோம். தோத்தோம்."

"ஏன்?"

"இன்னாசிமுத்துன்னு ஒருத்தன். எங்க சங்கத்துக்காரன்தான். அவன் மகனை ஸ்டேசன்ல வச்சு அடிச்சாங்க. பதினாறு வயசுப் பையன். புகாரே பொய்னு இவன் கையெழுத்துப் போட்டுட்டான்."

"அப்புறம்?"

"துரோகி வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் போட்டோம்."

"எழுதினது யாரு?"

"நான்தான். எங்க தெருவுல வேற யாருக்கு எழுதத் தெரியும்?"

"அப்புறம்?"

"அவன் சம்சாரம் செத்துப்போச்சு."

"தூம்பா யார் தூக்கினா?"

கல் தேய்க்கும் சத்தம் நின்றது.

"அவனும் மகனும். முன்னால ஒருத்தன். பின்னால ஒருத்தன்."

"நாலு பேர் தூக்குறதாச்சே?"

சந்தியாகு காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"தேதி ஞாபகம் இருக்கா?"

"எண்பத்து மூணு, ஆகஸ்ட் ஒன்பது." காகிதத்தைப் பிரிக்காமலே சொன்னார்.

சிஸ்டர் கிழவரின் பாதத்தைத் துடைத்தார். விரல் இல்லாத இடங்களையும் துடைத்தார்.

"அந்தக் காலையும் எடுத்து வைங்க பெரியவரே," என்றார்.

சந்தியாகு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் வீடு திரும்பினார். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், உத்தரம் வரை அடுக்கிய பழைய நோட்டீஸ் கட்டுகள். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்ட யாரும் வரவில்லை. வந்து பல வருசம் ஆகியிருந்தது.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்தது. அந்தந்தத் தெருவின் பெயரை அந்தந்தத் தெருக்காரரே வாசிப்பது வழக்கம். மேலத்தெரு நாட்டாண்மை பதினொரு பெயரை வாசித்துவிட்டு, மைக்கைக் கையில் தராமல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார்.

சந்தியாகு எழுந்தார். கீழத்தெருப் பெண்கள் குருத்தோலையை உயர்த்தினார்கள்.

"தன் பேரைத்தான் சொல்லுவாரு," என்றாள் ஒருத்தி.

"சொல்லட்டுமே. பாடுபட்ட மனுசன்."

கடைசித் தூணுக்குப் பின்னால் கீழத்தெருக் கிழவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இரண்டு முழம் தரை, எல்லா ஞாயிறும் போலக் காலியாக இருந்தது.

"கீழத்தெரு," என்றார் சந்தியாகு. "இன்னாசிமுத்து."

குருத்தோலைகள் இறங்கின.

"யாரு?" சங்கத்து ஆள் ஒருவர் எழுந்தே விட்டார். "அந்தத் துரோகியா? அண்ணே, மாத்தி வாசிக்கிறீங்க!"

மேலத்தெருப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

சந்தியாகு மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"கீழத்தெரு. காலஞ்சென்ற சலேத்தம்மாள் புருசன், இன்னாசிமுத்து."