கனவுக்கும் ஒரு கையெழுத்து

கடல்பாசியில் பால் பாக்கெட் உறை செய்யும் வித்தையைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. அதை வைத்துத் தொடங்கும் கம்பெனிக்கு முதல் போட வந்தவர் ரங்கபாஷ்யம். சும்மா வரவில்லை மனுஷன்; துணைவேந்தர் அறையில் வைத்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் எழுதிக்கொண்டு வந்தார்.

"இனி இந்தப் பொண்ணுக்குத் தோணுற எல்லா யோசனையும் கம்பெனிக்குச் சொந்தம். கனவுல தோணினாலும்தான். இல்லேன்னா நான் கிளம்புறேன்."

ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் பெரிய வக்கீல்கள் ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான அவர்களுடைய ஜூனியர் இசக்கியம்மாள் பேனாவைத் திறந்தாள்.

"சரிங்க சார். கம்பெனி சொத்துன்னா பட்டியல்ல ஏறணும். பக்கத்துக்குப் பக்கம் நீங்க கையெழுத்துப் போடணும். பங்கு வாங்குற அத்தனை பேரும் படிப்பாங்க. அதானே வழக்கம்? அக்கா, நேத்து என்ன கனவு கண்டீங்க?"

ஜெசிந்தா கண்ணை மூடினாள்.

"கடலுக்கு அடியில ஒரு பஸ் மெதுவா போகுது. பாசியெல்லாம் பச்சை வெளிச்சமா ஆடுது. சன்னலோரம் பூரா மீனுங்க. கண்டக்டர் ஒரு கிழட்டு ஆமை, அப்படியே சாரோட மூஞ்சி. 'நீங்க நீந்துறதுகூட என்னோடதுதான்'னு மீனுங்ககிட்ட சண்டை போடுது."

இசக்கியம்மாள் ஒரு சொல் விடாமல் எழுதி, தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இங்க போடுங்க சார். அடுத்த பக்கம் நாளைக்குக் காலையில வரும்."

துணைவேந்தரே சிரித்துவிட்டார். ரங்கபாஷ்யம் பேனாவை வாங்கி, தன் நிபந்தனை மேல் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"பாசி போதும். மீதியை நீயே வெச்சுக்கோம்மா."