குருவிக்குக் கட்டின மூணு கதிர்க்கட்டு

ஒரு ஊர்ல, மழை வந்தா வாரக்கணக்குல போகாத ஒரு ஊர்ல, பூவாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் பேரு மாயழகு. அவங்களுக்குன்னு இருந்தது ஒரு துண்டு வயல், ஒரு பசு, கொல்லையில ஒரு வேப்பமரம். கூரை இடுக்குல கூடு கட்டியிருந்த ஒரு குருவியையும் சேர்த்துக்கணும், அதை விட்டுட்டா பூவாயிக்குக் கோபம் வரும்.

ஏன்னா அந்த வருஷம் ஊர் முழுக்கப் பயிர்ல புழு விழுந்துச்சு. இந்தக் குருவி தன் சாதிசனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து பூவாயி வயல்ல கொத்துச்சு, கொத்துச்சு, விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் கொத்துச்சு. பயிர் பிழைச்சுது. அறுப்பன்னைக்குப் பூவாயி முதல்ல அறுத்த கதிரைத் தனியா எடுத்து, மூணு கட்டாப் பின்னி, "இது குருவிக்கு. நம்ம சோறே அது குடுத்ததுதான்"னா. மாயழகும் சரின்னுட்டான். மிச்ச நெல்லு குத்தி அரிசியாச்சு, விதைநெல்லு வைக்கோல்ல கட்டின கோட்டைக்குள்ள போயாச்சு.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு, மழையும் வந்துச்சு. குருவிக்கூட்டுல நாலு குஞ்சு. மூணு பறக்கப் பழகிடுச்சு, கடைசிக் குஞ்சு மட்டும் சோனி. தாய்க்குருவி மழையில எங்கே போய் இரை தேடும்? தரையில தூவினா சேறு முழுங்கும், தட்டுல வச்சா தண்ணி ரொம்பும். அதனால பூவாயி முதல் கட்டை வேப்பங்கிளையில கயித்தைக் கட்டித் தொங்கவிட்டா. மூணு நாள் மழை விடலை. நாலாம் நாள் பார்த்தா நெல்லெல்லாம் முளைவிட்டு, அழுகிப்போய், தொட்டா கையோட வந்துச்சு. தாய்க்குருவி அதைச் சுத்திச் சுத்திப் பறந்துட்டு வெறும் வாயோட கூட்டுக்குப் போச்சு.

சரின்னு ரெண்டாங்கட்டை எடுத்தா. பனையோலையில தொப்பி மாதிரி ஒண்ணு முடைஞ்சு மேலே கவுத்தா. ஒரு சொட்டுத் தண்ணி இறங்கலை. ஆனா வைக்கோல்போருக்கு அடியில ஒரு எலி இருந்துச்சு, அது மரத்துல ஏறி, கயித்துல இறங்கி, ஓலையில ஓட்டை போட்டு, அதுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு நறுக்கு நறுக்குன்னு கதிரை வெட்டிக் கீழே போட்டுச்சு.

பூவாயி அண்ணாந்து பார்த்து, உன் வளையிலதான் நெல்லு நிறைஞ்சு கிடக்கே, அது போதாதான்னு கேட்டா.

"அது நாளைக்கு, மதினி. இது இன்னைக்கு"ன்னுச்சு எலி.

"குஞ்சு பசியில கிடக்குது."

"எனக்குக் குஞ்சு இல்லைன்னா வயித்துல பசி இருக்காதா? என்ன மதினி நீங்க."

அப்படிச் சொல்லிட்டு, வெட்டினதையெல்லாம் வளைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

இப்ப ஒரே ஒரு கட்டுதான் மிச்சம். கூட்டுலேர்ந்து கடைசிக் குஞ்சோட சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பூவாயிக்குச் சோறு இறங்கலை. மாயழகு ரொம்ப நேரம் யோசிச்சான். "ஏ புள்ள, இதையும் தொங்கவிட்டுக் கயித்துல எண்ணெய் தடவுவோம். வழுக்கி விழுந்துடும்"னான். நல்ல யோசனைதான். ஆனா மனுஷன் எடுத்தது தேங்காயெண்ணெய். எலிக்குத் தேங்கான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மாயழகுக்குத் தெரியலை. எலி வந்துச்சு, கயித்தை நக்குச்சு, ருசி பார்த்துச்சு, கயித்தையே கடிச்சுத் தின்னுச்சு. கட்டு தொப்புன்னு விழுந்துச்சு. "மாமா, தொட்டுக்க எதுவும் இல்லையா?"ன்னு எலி மேலேர்ந்து கேட்டுச்சாம்.

நல்லவேளை, பூவாயி ஓடிப்போய்க் கட்டை மடியில அள்ளிக்கிட்டா. அடுப்படி மூலையில அடிப்பக்கம் ஓட்டை விழுந்த பழைய பானை ஒண்ணு கிடந்துச்சு. அதைக் கவுத்து, ஓட்டை வழியா புதுக்கயித்தை விட்டு, உள்பக்கம் ஒரு குச்சியைக் குறுக்கே முடிஞ்சா. கதிர்க்கட்டைப் பானைக்கு உள்ளே தலை மட்டும் வெளியே தெரியிற மாதிரி தொங்கவிட்டா. பானையை வேப்பங்கிளையில கட்டி, அது முதுகுல விளக்கெண்ணெயை வழிய வழியத் தடவினா. கதை கேக்குற குட்டி, சிரிக்காதே, விளக்கெண்ணெயைக் கண்டா நீயும் ஓடுறவதான்.

எலி வந்துச்சு. கயித்துல இறங்குச்சு. பானை மேலே ஒரு கால் வச்சுது, சறுக்குச்சு. ரெண்டு கால் வச்சுது, சறுக்குச்சு. நாலு காலையும் வச்சுது, சர்ருன்னு வழுக்கிக் கீழே இருந்த பசுவோட கழுநீர்ப் பானைக்குள்ள தொபுக்குன்னு விழுந்துச்சு. அந்த நேரம் பார்த்துப் பசு தண்ணி குடிக்க மூக்கை உள்ளே விட்டுச்சு.

"மதினி, மாட்டைப் பிடிங்க"ன்னு எலி கத்துச்சு. "வளையில இருக்கிறதெல்லாம் குடுத்துடறேன், என்னை வெளியே எடுங்க."

"எடுத்தா?"

"எடுத்தா இந்தக் கொல்லைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

பூவாயி அகப்பையால அதை அள்ளி வேலிக்கு அந்தாண்டை விட்டா. எலி உடம்பெல்லாம் எண்ணெய், எண்ணெய் மேலே தவிடு, அந்தக் கோலத்துல ஊரைத் தாண்டி ஓடினதுதான், திரும்பிப் பார்க்கலை. மாயழகு வளையை வெட்டினான். எலி கொண்டுபோனது ஒரு கட்டு, வளையிலேர்ந்து வந்தது ஒரு கூடை. அதை அப்படியே குருவிக்குன்னு எடுத்து வச்சாங்க.

தாய்க்குருவி பானைக்கு அடியில தலைகீழாத் தொங்கிக்கிட்டு நெல்லைக் கொத்திக் கொத்திக் கூட்டுக்குக் கொண்டுபோச்சு. மழை கொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஒரு மணி நனையலை. பானை கட்டின அஞ்சாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தப்ப, அந்தச் சோனிக் குஞ்சு கூட்டு விளிம்புக்கு வந்து, நின்னு, பயந்து, கடைசியில பறந்து போய்ப் பானை மேலேயே உட்கார்ந்து, அதுவும் வழுக்கி, பூவாயி தோள்ல வந்து விழுந்துச்சு. அவ அசையவே இல்லை. ஏன் இப்படி நிக்கிறேன்னு மாயழகு கேட்டதுக்கு, "பேசாம இருங்க, அது எனக்கு நன்றி சொல்லுது"ன்னாளாம். "நான்தானே அதுக்குச் சொல்லணும்"னும் சேர்த்துக்கிட்டாளாம்.

அதனால, நமக்குச் சோறு குடுத்தவங்களுக்கு ஒரு பிடி எடுத்து வைக்கணும், வச்சதுக்கு ஒரு மூடியும் போட்டு வைக்கணும். குருவி கூட்டுக்குள்ள போயாச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.