வராத முயலுக்கு ஒரு குழி

குளக்கரைப் பாறையில் ஓர் உடும்பு வைத்தியம் பார்த்துவந்தது. எந்த நோய்க்கும் மூன்று நாள் மருந்து. முதல் நாள் ஊறிய சாற்றில்தான் இரண்டாம் நாள் வேரைச் சேர்க்க வேண்டும். அதில்தான் மூன்றாம் நாள் பட்டை. ஒருவர் மருந்து இன்னொருவர் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் உடும்புக்கு முகங்கள் நினைவில் நிற்காது. அதனால் பாறையில் மருந்து ஊறவைக்கும் மூன்று குழிகளை ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கியது. ஒரு சிப்பியை இரண்டாக உடைத்து, பாதியைக் குழியோரம் வைத்து, மறுபாதியை நோயாளியிடம் கொடுக்கும். மறுநாள் அந்தப் பாதியை நீட்டினால் போதும். அது பொருந்துகிற குழியிலிருந்து வைத்தியம் தொடரும்.

ஒரு நாள் காலை பெண் குரங்கு ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஓடிவந்தது. குட்டியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் செருகிக் கிடந்தது.

மூன்று குழிகளும் நிறைந்திருந்தன. மானும் முள்ளம்பன்றியும் சற்று முன்புதான் வந்து மருந்து குடித்துப் போயிருந்தன. மூன்றாவது குழி முயலுடையது. முதல் நாளோடு போன முயல் ஐந்து நாளாக வரவில்லை.

உடும்பு குழம்பியது. முயல் குணமாகிவிட்டதா? செத்துவிட்டதா? நடக்க முடியாமல் எங்காவது கிடக்கிறதா? குழியைக் காலி செய்த பிறகு சிப்பியோடு வந்து நின்றால் என்ன சொல்வது? தொடங்கிய வைத்தியத்தைப் பாதியில் கொட்டலாமா? குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில், இடமில்லை, நாளை வா என்று தயங்கித் தயங்கிச் சொன்னது.

குரங்கு நகரவில்லை.

“வைத்தியரே, இவன் நாளைக்கு இருப்பானா? வராதவருக்குக் குழி இருக்கிறது, வந்தவனுக்கு இல்லையா?”

உடும்பு கண்ணை மூடிக்கொண்டு முயலின் மருந்தை வாலால் வழித்துக் கொட்டியது. குழியைக் கழுவிப் புதுச் சாறு பிழிந்தது. மூன்றாம் நாள் குட்டி தாயின் காதைப் பிடித்து இழுத்து விளையாடியது.

அன்று மாலை நீர் குடிக்கப் போன உடும்புக்கு ஒரு முயல் வணக்கம் சொன்னது.

“உங்கள் மருந்து முதல் நாளே கேட்டுவிட்டது, வைத்தியரே! அதைச் சொல்ல வேறு வர வேண்டுமா?”

உடும்புக்குக் கோபம் பொங்கியது. திட்ட வாயெடுத்து, அப்படியே நின்றது. எத்தனை நாள் காத்திருப்பேன் என்று நான் இதனிடம் சொன்னேனா? தவறு இதனுடையதா, என்னுடையதா? அன்றைக்கு அதற்குத் தெளியவில்லை. ஆனால் மறுநாள் முதல், சிப்பியை உடைக்கும்போதே சொல்லிவிடும்: குணமானால் வந்து சொல், இரண்டு நாள் வராவிட்டால் குழி இன்னொருவருக்கு.

தொடங்கியவர் முடிந்தது என்று சொல்ல வேண்டும். காத்திருப்பவர் எதுவரை என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.