சிவந்த கல்

"இந்தச் சாம்பல எங்கீங்க கொட்டறது?"

கேட்டவர் சென்னியப்பன், சாயப்பட்டறை முதலாளி. பாய்லர் சாம்பலை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மரகதத்தின் கொட்டகைக்கு வந்திருந்தார்.

மரகதம் சாம்பலில் கல் செய்கிறவள். அவரைவிட இருபது வயது இளையவள். அவள் வாய்க்காலைப் பார்த்தாள்.

வாய்க்காலில் அன்று அவர் பட்டறைக் கழிவு சிவப்பாக ஓடியது. நேற்று நீலம். சிவப்புத் தண்ணீரில் நின்ற கொக்குக்குக் காலும் சிவந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

சென்னியப்பன் தானாகவே பேசத் தொடங்கினார். வாய்க்கால் போகும் வழியில் கீழே, அவர் மகள் வளர்மதியின் வீட்டுக் கிணறும் சிவந்துவிட்டது. கிணறு தெளியும்வரை வாசல் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேரன் பிறந்து மூன்று மாதம். இன்னும் முகம் பார்க்கவில்லை.

"உங்க கல்லு சாயத்தக் குடிக்குமாமா, அம்மிணி. எனக்குக் கத்துக் குடுங்க."

"உங்க சாம்பல், உங்க கை," என்றாள் மரகதம்.

அவர் சாம்பலைச் சுண்ணாம்போடு பிசைந்தார். அச்சில் போட்டு இடித்து இடித்துக் கெட்டியாக்கினார். காய்ந்த கல் கண்ணாடி மாதிரி வழவழத்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மரகதம் அதன்மேல் ஒரு சொம்பு சிவப்புத் தண்ணீர் ஊற்றினாள். அது அப்படியே வழிந்து ஓடியது.

"இதுக்கு வாயே இல்லீங்களே."

அடுத்த முறை ஒரு சிட்டிகை அலுமினியப் பொடி சேர்த்தாள். கலவை ஆப்ப மாவு போலப் பொங்கியது. அவர் இடிக்கக் கை ஓங்கினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொப்புளங்கள் மெல்ல எழுந்து உடைந்தன. சென்னியப்பனுக்கு எங்கோ மிதப்பது போலிருந்தது.

மூன்று வாரத்தில் கல் இறுகியது. உடம்பெல்லாம் ஓட்டை. பார்க்கச் சகிக்கவில்லை.

கல்லைத் தொட்டியின் அடி ஓட்டையில் பொருத்தி, மேலே சிவப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியில் ஒரு சொட்டு. அதில் வானம் தெரிந்தது.

சென்னியப்பன் அழுதுவிட்டார். குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தார். ஏழாம் நாள் கல் ரத்தச் சிவப்பாகிவிட்டது. தொட்டிக்கு அடியிலும் மறுபடி சிவப்பே சொட்டியது.

அவர் கல்லை மரகதத்திடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வயிறு நெறஞ்சிருச்சுங்க. இத எங்கீங்க போடறது?"

மரகதம் வேலையிலிருந்து நிமிரவில்லை.

"மொத நாளும் இதயேதானுங்க கேட்டீங்க."

சென்னியப்பன் வாய்க்காலைப் பார்த்தார். கையிலிருந்த கல்லைப் பார்த்தார்.

மறுநாள் காலை பட்டறையில் பாய்லர் மூட்டவில்லை. முதலாளி பின்சுவர் ஓரம் முழங்காலிட்டு, வாய்க்காலுக்குப் போகும் குழாயின் வாயில் சிவந்த கல்லை வைத்து, ஒரு சொட்டும் வெளியேறாதபடி அதன் மேலும் சுற்றிலும் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்.