மிளகு வாங்கப் போனவர் கதை

"என் கதைக்கு முடிவு கிடைக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள் செங்கமலம்.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

கொள்ளிடக் கரையில், படகுத்துறைக்கு அருகே ஒரு புன்னை மரத்தடியில் அவள் கதை எழுதும் கலையைச் சொல்லிக்கொடுத்து வந்தாள். கற்க வருகிறவர்கள் அவளை அம்மா என்று அழைத்தார்கள். செங்கமலம் அவளைவிட மூத்தவள். அதனால் தையல்நாயகி அவளை மட்டும் அக்கா என்று அழைப்பாள்.

"ஒரு கதைக்கு என்னென்ன வேணும், சொல்லுங்கக்கா."

செங்கமலம் தடுமாறாமல் சொன்னாள்.

"கதைமாந்தர் வேணும். அவங்க மனசு எதையாவது கேக்கணும், அது கிடைக்காம ஏதாவது தடுக்கணும். அதுதான் முரண். நடக்கிற இடமும் காலமும் பின்னணி. எதனால எது நடந்ததுங்கிறது கதைப்பின்னல். இனிமே பின்வாங்க முடியாதுன்னு ஒரு இடம் வரும், அது உச்சம். யார் கண்ணு வழியாப் பாக்கறோங்கிறது நோக்குநிலை."

"எல்லாம் சரி."

"பாடம் சரியாத்தான் இருக்கு. கதைதான் முடியலை."

"படிங்க, கேக்கறேன்."

செங்கமலம் படித்தாள்.

அது அவள் கணவனின் கதை. கொல்லத்துப் பக்கம் மிளகு வாங்கி வருகிறேன் என்று போனவர். இந்தத் துறையில்தான் படகேறினார். இடது காதுமடலில் ஒரு கிழிசல். வலது காலை லேசாக இழுத்து நடப்பார். சிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை இருமிக்கொள்வார். படகு நகர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அக்கரை, புழுதிச் சாலை, மலை, மழை.

மழையோடு கதை நின்றது.

"அப்புறம்?"

"காய்ச்சல்ல அவரைச் சாகவிட்டுப் பாத்தேன். அழுகை வந்துச்சு. ஆனா நானே அதை நம்பலை. வேற ஒருத்தியோட குடித்தனம் வெச்சுப் பாத்தேன். கோவம் வந்துச்சு. அதையும் நம்ப முடியலை."

"திரும்பி வர்ற மாதிரி எழுதலையா?"

"எழுதினேன்." செங்கமலம் தாள்களை மடியில் வைத்தாள். "எழுதி முடிச்சதும் எழுந்து போய் வாசக்கதவைத் தொறந்து பாத்தேம்மா."



அப்போது கரை மேட்டுக்கு அந்தப் பக்கம், துறையில் சங்கு ஊதியது. அக்கரையிலிருந்து படகு வருகிறது. செங்கமலம் காகிதங்களைப் போட்டுவிட்டு எழுந்தாள். எந்த வேலையில் இருந்தாலும், தன் மளிகைக் கடையில் ஆள் நின்றாலும், அந்தச் சத்தம் கேட்டால் அவள் துறைக்கு ஓடிவிடுவாள். ஊருக்கே தெரியும்.

"நீங்க உக்காருங்கக்கா. இன்னிக்கு நான் போறேன்."

"உங்களுக்கு அவரை அடையாளம் தெரியாதேம்மா!"

"இப்பத்தானே முழுசாக் கேட்டேன்."

சொல்லிவிட்டுத் தையல்நாயகி கரை மேட்டில் ஏறி மறுபுறம் இறங்கிவிட்டாள்.

செங்கமலம் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கரை மேடு துறையை மறைத்தது. சத்தம் மட்டும் வந்தது. படகு மணலில் உரசியது. ஒரு ஆடு கத்தியது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு ஆண் குரல் இருமியது. இருமலுக்குப் பின்னால் சிரிப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

வரவில்லை.

தையல்நாயகி திரும்பி வந்தாள். தனியாக.

"வரலைக்கா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒவ்வொருத்தர் காதையும் பாத்தேன். இறங்கி நடந்தவங்க காலையெல்லாம் பாத்தேன். அவர் வந்திருந்தா, எந்தக் கூட்டத்திலயும் கண்டுபிடிச்சிருப்பேன். அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க."

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா அங்க நிக்கறப்போ ஒரு பயம் வந்துச்சு" என்றாள் தையல்நாயகி.

"என்ன பயம்?"

"அவர் இறங்கி வந்து, 'என் வீட்டுக்காரியைப் பாத்தீங்களா, இங்க நிப்பாளே'ன்னு கேட்டுட்டா என்ன செய்யறதுன்னு."

"'இங்கதான் இருக்கா, வாங்க'ன்னு கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

"உங்களோட பழகினவ கூட்டிட்டு வந்துடுவா. கதையை மட்டும் படிச்சவ எப்படிக் கூட்டிட்டு வருவா? அதுல நீங்க எங்கயுமே இல்லை."

"அது அவர் கதைம்மா. நான் எதுக்கு?"

"படகு நகர்ந்த பிறகு அவர் திரும்பிப் பாத்தார்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அதைப் பாத்தது யாரு?"

செங்கமலத்தின் கண்ணில் நீர் கட்டியது.

தையல்நாயகி சிதறிக் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி ஒதுக்கினாள். எழுதாத தாள் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"அவர் போன பிறகும் துறையில ஒருத்தி நின்னாளே. அவளை எழுதுங்க. யாரு, எப்படி இருப்பா, என்ன நடை. படிக்கிறவங்க பாத்த உடனே இவதான்னு சொல்லணும்."

செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுதுகோலைப் பிடித்தாள். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னாள்.

"அவளுக்கு வட்ட முகம். சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும். வேகமா நடப்பா. கறுகறுன்னு அடர்ந்த முடி, கொண்டை போட்டா ஒரு கைக்குள்ள..."

கை நின்றது.

மெல்ல அது காதோரம் போயிற்று. ஒரு கற்றையைப் பிடித்துக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தது.

"என்னக்கா?"

"அவளுக்குத் தலை நரைச்சுப்போச்சும்மா" என்றாள் செங்கமலம். "அது அவருக்குத் தெரியாது."